டோர்னக்கல்லுக்கு ஒரு பிடி: பிஷப் அசரியாவை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

தேரிக்காட்டான்:

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஆச்சி உலை வைப்பதற்கு முன் களைய எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். தினமும். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளில் பிடி சிறிதாகுமே தவிர நிற்காது. "யாருக்கு ஆச்சி?" என்று கேட்டால் "டோர்னக்கல்லுக்கு" என்பாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது. எனக்கு அப்போது ஐந்தாறு வயது. அது அரிசி தின்கிற ஏதோ ஒரு கல் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது ஓர் ஊர், இப்போது தெலங்கானாவில் இருக்கிறது, அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் பிஷப்பாக இருந்தார் என்பதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில்தான் தெரிந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தவர். திருச்செந்தூர்ப் பக்கம், செம்மண் தேரியும் பனையும் தவிர அதிகம் ஒன்றும் இல்லாத ஊர். அப்பா தாமஸ் வேதநாயகம் அங்கே குருவானவர். பையன் மெஞ்ஞானபுரத்தில் போர்டிங்கில் படித்து, திருநெல்வேலியில் படித்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். எடுத்தது கணிதம். கடைசிப் பரீட்சை நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனதால் பி.ஏ. பட்டம் வாங்கவே இல்லை. (இதே ஆளுக்கு 1920-ல் கேம்பிரிட்ஜ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளவும்.)

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்குப் பிஷப் பட்டாபிஷேகம் நடந்தது. வயது 38. இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிகன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுதான் முதல் தடவை. அதைவிட எனக்கு உறைத்தது அடுத்த செய்தி. 1945 ஜனவரி 1 அன்று அவர் இறக்கும்வரை, 32 வருஷம், ஒரு ஆங்கிலிகன் திருமண்டலத்தை (ஒரு பிஷப்பின் கீழ் வரும் சபைகளின் பகுதி) தன் பொறுப்பில் வைத்திருந்த இந்தியர் அவர் ஒருவர்தான். முதல் ஆள் வந்துவிட்டார், இனி வரிசையாக வருவார்கள் என்று நாம் நினைப்போம். கதவு திறந்தது, ஒருவர் நுழைந்தார், அப்புறம் பாதி சாத்திவிட்டார்கள்.

அவரை நேரில் பார்த்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அதனால் 'சந்திப்பு' என்பதைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய கோயிலைப் பார்த்தவர்கள், வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள், எங்கேயோ அவர் பேச்சைப் படித்து மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் எழுதலாம். புகழ்மாலை மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே கல்வெட்டில் இருக்கிறது.


ஓய்வுபெற்ற கார்டு:

நான் கிறிஸ்தவன் அல்ல. தென் மத்திய ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தேன். டோர்னக்கல் ஜங்ஷன் என்றால் எனக்கு நிலக்கரி. காசிப்பேட்டை - விஜயவாடா மெயின் லைனிலிருந்து பத்ராசலம் ரோடுக்கு அங்கேதான் கிளை பிரிகிறது. சிங்கரேணிச் சுரங்கத்துக் கரி அந்த வழியாகத்தான் வெளியே வரும். எங்கள் சரக்கு ரயில் மணிக்கணக்கில் லூப்பில், அதாவது பக்கத் தண்டவாளத்தில், நிற்கும்.

ஒருநாள் ரன்னிங் ரூமில், அதாவது ரயில் ஊழியர் தங்கும் அறையில், தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் காலாற நடக்கலாம் என்று கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு மேலே குவிமாடங்கள் தெரிந்தன. மசூதி என்று நினைத்தேன். கிட்டே போனால் கல்தூண்கள் நம் ஊர்க் கோயில் மண்டபம் மாதிரி நிற்கின்றன. சரி, கோயில் என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால் பெஞ்சும் சிலுவையும்! வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் என் முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "இது எந்தச் சாமிக்கு?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் சந்தேகம் வரும். கட்டியவர் உங்கள் அரவநாட்டுக்காரர்தான்" என்றார். அரவம் என்றால் தெலுங்கர் வாயில் தமிழ்.

கல்லில் தாமரை செதுக்கியிருந்தார்கள். என்னைத் தாமரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். விடிகாலையில் கல் சில்லென்று இருந்தது. அவ்வளவுதான் என் அனுபவம். நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச் என்றால் ஊசிக் கோபுரம், வண்ணக் கண்ணாடி என்றுதான் பார்த்திருக்கிறேன். இங்கே நிஜாம் ஊர்க் குவிமாடமும் தெற்கத்தித் தூணும் ஒரே கூரைக்குக் கீழ் நின்றன. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை என்று மட்டும் தெரிந்தது.

கட்டிய தேதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆங்கிலிகன் என்கிறீர்கள், ஆனால் போர்டில் சி.எஸ்.ஐ. என்றுதானே இருந்தது?


தேரிக்காட்டான்:

கார்டு ஐயா, பிரதிஷ்டை நடந்தது 1939 ஜனவரி 6. அந்தத் தேதி சும்மா வைத்தது இல்லை. பிரசன்னத் திருநாள் என்று நாங்கள் சொல்கிற பண்டிகை அது. கீழ்த்திசையிலிருந்து சாஸ்திரிகள் நட்சத்திரம் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த நாள். அந்தப் பேராலயத்துக்கும் அதே பெயர்தான். கீழ்த்திசை ஆட்கள் தங்கள் கையில் இருந்ததைக் கொண்டுவந்து வைத்த பண்டிகை. குவிமாடத்தையும் தாமரையையும் கொண்டுவந்து வைத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

சி.எஸ்.ஐ. விஷயம்: 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி, ஆளுக்கொரு மிஷனாகப் பிரிந்து கிடப்பது போதும், ஒன்றாவோம் என்று அறிக்கை விட்டார்கள். அதில் இரண்டே பேர்தான் வெளிநாட்டவர். முன்னால் நின்றவர்களில் அசரியா ஒருவர். ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் எல்லாம் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஏதோ காரணத்துக்காகச் சண்டை போட்டுப் பிரிந்தவை. அந்தச் சண்டையில் வெள்ளாளன்விளைக்கு என்ன பங்கு? ஆனால் பேசி முடிக்க 28 வருஷம் ஆயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. அவர் இறந்து இரண்டே முக்கால் வருஷம் கழித்து. ஆகவே அவர் ஆங்கிலிகனாகவே இறந்தார், அவர் கோயில் சி.எஸ்.ஐ. ஆகிவிட்டது.


வடலி:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். தேரிக்காட்டான் அண்ணை, உங்கள் ஆச்சி போட்ட பிடி அரிசியில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சொன்னால் கோபிக்கக்கூடாது.

1902-ல் அசரியா வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் வேலையாக யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவர் பிஷப்பும் இல்லை, குருவானவரும் இல்லை. 1895-லிருந்து அந்தச் சங்கத்தின் செயலாளர், ஊர் ஊராகப் போய் இளைஞர்களோடு பேசுகிறவர். வந்த இடத்தில், யாழ்ப்பாணத்துச் சபைகள் தாங்களே காசு சேர்த்துக் கடல் கடந்து இந்தியாவுக்கு ஆள் அனுப்பி ஊழியம் செய்வதைக் கண்டார். திருநெல்வேலியில் எங்களைவிட எத்தனையோ மடங்கு கிறிஸ்தவர்கள். ஆனால் அங்கே எல்லாம் வெள்ளைக்கார மிஷன் காசு. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிவிட்டது.

எங்கட அப்பு வட்டுக்கோட்டையில் படித்தவர். பழைய ஆசிரியர்கள் வாயால் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இது பெருமைக் கதை. விருந்தாளி யாராவது தமிழ்நாட்டிலிருந்து வந்தால் சாப்பாடு முடிந்த கையோடு அப்பு தொடங்கிவிடுவார், "உங்கட பிஷப் எங்களைப் பார்த்துத்தான்..." என்று. அம்மா உள்ளேயிருந்து இருமுவா.

வளர்ந்த பிறகு எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. நாங்கள் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் சின்ன இடத்துக்காரன் செய்வதைப் பார்த்து வெட்கப்படுவதற்கு ஒரு மனம் வேண்டும். நாலு நாள் தங்கி, பாராட்டிப் பேசிவிட்டுக் கப்பலேறியிருக்கலாம். பெரும்பாலான விருந்தாளிகள் அதைத்தான் செய்தார்கள்.


குளிர்நாட்டான்:

நான் ஸ்காட்லாந்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். நல்ல மனிதர்கள். காலையில் சிரிப்பார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள். எட்டு வருஷத்தில் ஒருவர்கூடத் தம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன்.

எடின்பரோவில் மவுண்ட் என்ற மேட்டின்மேல் ஒரு பழைய சபைக்கூடம் உண்டு. 1910 ஜூனில் உலக மிஷனெரி மாநாடு அங்கே நடந்தது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் இருபது பேர்கூடத் தேற மாட்டார்கள். அவர்களில் ஒருவர் அசரியா. வயது 35. முந்தின வருஷம்தான் குருப்பட்டம் வாங்கியிருந்தார். ஜூன் 20 மாலை அவருக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு. இப்படிப்பட்ட தலைப்பைக் கையில் கொடுத்தால் நாமெல்லாம் என்ன பேசுவோம்? நன்றி, நன்றி, இன்னும் உதவி தேவை. அவர் எழுந்து நின்று, உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு விலகல் இருக்கிறது, மனம்விட்டுப் பேசுவது இல்லை, சிநேகம் இல்லை என்று உடைத்துச் சொன்னார். கடைசியில் வேதத்தில் பவுல் அன்பைப் பற்றி எழுதிய அதிகாரத்தை எடுத்தார். ஏழைகளுக்கு அன்னதானம் செய்ய உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள்.

முதல் தடவை படித்தபோது கடைசி வரியில் நெகிழ்ந்து நின்றுவிட்டேன். நாலாவது தடவைதான் அந்த வசனத்தில் வைத்த பொடி தெரிந்தது. வேதம் தெரிந்தவர்களுக்குப் புரியும். பவுல் சொல்வது என்ன? எல்லாவற்றையும் கொடுத்தாலும், உடம்பையே எரித்தாலும், அன்பு இல்லையென்றால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அசரியா முதல் பாதியைப் பாராட்டாகச் சொல்லிவிட்டு, மறு பாதியைச் சொல்லாமலே விட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த மறு பாதி மனப்பாடம். சிலருக்குக் கசந்தது என்று மாநாட்டைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கசக்காமல் இருக்குமா?

ஊரைவிட்டு வரும் முன் ஒருநாள் அந்தக் கூடத்தின் முற்றத்தில் போய் நின்றேன். மழை. ஸ்காட்லாந்துச் சபையைச் சீர்திருத்திய ஜான் நாக்ஸின் சிலை ஒன்று கையை உயர்த்திக்கொண்டு நிற்கும். அசரியா பேசியதற்கு எந்த அடையாளமும் என் கண்ணில் படவில்லை. அவருக்கும் அங்கே கைகுலுக்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.


கம்மம் மருமகள்:

நான் பாளையங்கோட்டைப் பெண். வாழ்க்கைப்பட்டது கம்மம் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமான புதிதில் எனக்குத் தெலுங்கு வராது, அத்தைக்குத் தமிழ் வராது. அத்தை நல்ல கறாரான மனுஷி. என்னைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே நல்ல அபிப்பிராயம், நான் "தண்ட்ரிகாரு" பிறந்த ஜில்லாக்காரி என்பது. தண்ட்ரிகாரு என்றால் தகப்பனார். அந்தப் பக்கத்து மூத்த தலைமுறைக்கு அசரியா பிஷப் இல்லை, தண்ட்ரிகாருதான்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் இல்லை. அத்தை திண்ணையில் உட்கார்ந்து, தன் அப்பா ஞானஸ்நானம் எடுத்த கதையைச் சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை. திடீரென்று என் வலது கையைப் பிடித்து என் தலைமேலேயே வைத்துவிட்டு, தெலுங்கில் ஒரு வரி சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அர்த்தம் மறுநாள்தான் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ." அசரியா கிராமம் கிராமமாகப் போனபோது, புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைத்து இதைச் சொல்லச் சொல்வாராம். அத்தையின் அப்பா அப்படிச் சொன்னவர். அதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்படி என் தலைக்கும் வந்து சேர்ந்தது.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அத்தை வீட்டார் மாலா சமூகம். அவர் அப்பா காலத்தில் ஊருக்குள் யாரும் அவர்கள் தலையைத் தொட மாட்டார்கள். பிஷப் வந்து அந்தத் தலையில் தன் கையை வைத்திருந்தாலே பெரிய விஷயமாகப் பேசியிருப்பார்கள். அவர் அவர்களுடைய கையையே அவர்கள் தலைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறார். படிப்பு இல்லை, நிலம் இல்லை, கூலி. அப்படிப்பட்டவரிடம் போய், உனக்கும் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, சொல்லாவிட்டால் குற்றம் என்றால் அவர் எப்படி நிமிர்ந்திருப்பார்!

இன்னொன்று. அழுக்கு, நோய், கடன், குடி, இந்த நாலையும் ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்பது தண்ட்ரிகாருவின் பேச்சாம். பள்ளிக்கூடம், மருந்துச்சாலை, கூட்டுறவுச் சங்கம் என்று வைத்ததெல்லாம் அதற்குத்தான். அத்தை இன்றைக்கும் வாசல் பெருக்கும்போது முதல் பேயை விரட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்வார் போல. நான் காலை ஆறு மணிக்குமேல் படுத்திருந்தால் ஐந்தாவது பேய் என் பெயரில் உண்டு.

தேரிக்காட்டான் அண்ணன் விட்ட ஒரு பெயரைச் சேர்க்கிறேன். அன்பு மரியம்மாள், அவர் மனைவி. 1898-ல் கல்யாணம். மாட்டு வண்டிப் பயணங்களில் கூடவே போய்ப் பெண்களிடம் பேசியவர் அவர். அத்தை கதைகளில் பாதி அம்மாகாரு கதைதான். கல்வெட்டுகளில் மட்டும் ஏன் பாதி கூட வருவதில்லை என்று தெரியவில்லை.


உபதேசியார் பேரன்:

புகழ்மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஆளுக்கொரு பூ வைத்துவிட்டீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அண்ணாச்சி கோவிக்கக்கூடாது.

என் தாத்தா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டோர்னக்கல் பகுதிக்குப் போன உபதேசியார், அதாவது கிராமச் சபைகளில் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். காட்டுக் காய்ச்சலில் இரண்டு தடவை பிழைத்தவர். நிஜாம் ராஜ்யத்துக்குத் தனி நாணயம் இருந்தது, ஹாலி சிக்கா என்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு அதைப் பிரிட்டிஷ் ரூபாயாக மாற்ற வேண்டும், மாற்றும்போது குறையும். அந்தக் குறைவைத்தான் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிஷப்பைப் பற்றிப் பேசும்போது பயம், பிரியம் இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார். அதுவும் பயம் முதலில்.

தாத்தா ஒரு விஷயத்தை வெளியில் பேச மாட்டார், திண்ணையில் பேசுவார். தெலுங்கு ஜனங்களுக்கு வேலை செய்யப் போன தமிழர்கள் சிலர், தாங்களும் குட்டி வெள்ளைக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்பார். தனி வரிசை, தனிச் சாப்பாடு. எடின்பரோவில் பிஷப் எதைக் கேட்டாரோ அதைத் தெலுங்கு உபதேசியார்கள் எங்களிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, மரியாதைக்காரர்கள் என்பார். இதில் பிஷப்பின் பங்கு என்ன என்று கேட்டால் தாத்தா வெற்றிலையை மடக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம், அவரை வெள்ளைக்காரன் ஆள் என்று சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். காந்தியோடு மோதினார் என்பதை வைத்துச் சொல்வது. மோதல் உண்மை. 1930களில், முக்கியமாக 1935-ல் அம்பேத்கர் யேவலாவில் நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த பிறகு, யார் எங்கே போவார்கள் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டங்கூட்டமாக நடக்கிற மதமாற்றத்தைக் காந்தி கடுமையாக எதிர்த்தார். அதுவே அசரியாவின் திருமண்டலத்தில் தினசரி நடப்பு. இரண்டு பேரும் ஒத்துப்போக வழியே இல்லை. காந்தி பார்வையில் ஏழைக்கு விவரம் புரியாமல் மாறுகிறான். அசரியா பார்வையில் ஏழைக்கு எல்லாம் புரியும், அவனுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இதில் நான் அசரியா பக்கம்தான். கம்மம் அக்காவின் அத்தை முன்னால் போய் உங்கள் அப்பாவுக்குப் புரியாமல் மாறினார் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பிரிட்டிஷ்காரர்கள் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றார். நாங்கள் ஒரு மதம், ஓர் அரசியல் ஜாதி அல்ல, தனியாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள் என்றார். வெள்ளைக்காரன் ஆளாக இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு கும்பிட்டிருப்பார். அந்த முடிவால் நம் ஜனங்களுக்கு லாபமா நஷ்டமா என்று என் வீட்டிலேயே இன்னும் சண்டை இருக்கிறது. நஷ்டம் என்பது என் கட்சி.

அவர் நம் மாவட்டத்துக்கு ஏன் பிஷப் ஆகவில்லை என்றும் யாராவது எழுதுங்கள். அவரை நியமிக்கும் பேச்சு வந்தபோது வெள்ளைக்கார மிஷனெரிகள் மட்டும் எதிர்க்கவில்லை. அவர் பிறந்த சாதியைச் சொல்லி முகம் சுளித்த இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அதைப் பேசாமல் வெள்ளாளன்விளைப் பெருமை மட்டும் பேசினால் கணக்கு உதைக்கும்.


தேரிக்காட்டான்:

கோபமெல்லாம் இல்லை தம்பி. தாத்தா வெற்றிலை மடக்கிய இடம்தான் இந்தத் திரியிலேயே எனக்குப் பிடித்த இடம்.

கடைசிக் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவரைப் பிஷப் ஆக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அப்போதைய மெட்ராஸ் பிஷப் ஹென்றி வைட்ஹெட். எதிர்ப்பு பலமாக இருந்ததால், வெள்ளைக்கார மிஷனெரிகள் பெரும்பாலும் இல்லாத ஒரு மூலையைப் பார்த்தார்கள். அதுதான் டோர்னக்கல். அங்கே இருந்தது திருநெல்வேலிக்காரர்கள் சொந்தக் காசில் நடத்திய, வடலி சொன்ன இந்திய மிஷனெரி சங்கத்தின் ஊழியம். ஒரு வெள்ளைக்கார குருவானவர் ஒரு இந்திய பிஷப்புக்குக் கீழே வேலை பார்க்க நேரிடுமே என்பதுதான் எல்லோருக்கும் தொண்டையில் சிக்கிய முள். சின்னத் திருமண்டலமாக வெட்டிக் கொடுத்துவிட்டால் முள் குத்தாது என்று கணக்கு. ஆனால் 1920-ல் கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்துப் பெரிய தெலுங்குப் பகுதிகளும் அதோடு சேர்ந்தன. அங்கே வெள்ளைக்கார மிஷனெரிகள் இருந்தார்கள். அவருக்குக் கீழ்தான் வேலை பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அவர் காலத்தில் அந்தத் திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் இரண்டு லட்சம் ஆனார்கள்.

என் ஆச்சியின் டப்பா அந்த மூலைக்குப் போனது. அந்தச் சங்கத்தைத் தொடங்கி மூன்று வருஷம் முடியும் முன், 1905 டிசம்பர் 25-ல், செராம்பூரில் வில்லியம் கேரி நூலகத்தில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கினார்கள். அசரியா அதிலும் உண்டு. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்தியத் தலைமை என்பது கொள்கை. வங்கப் பிரிவினை, சுதேசி என்று கல்கத்தா கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது என்பதையும் கவனியுங்கள். அந்தக் காற்று சபைக்குள்ளும் வீசியிருக்கிறது. காங்கிரஸ்காரர் கதரில் காட்டியதை எங்கள் ஊர்க் கிழவிகள் அரிசியில் காட்டினார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டேன். ரொம்ப ஓவர் என்று என் மகள் சொன்னாள்.


ஓய்வுபெற்ற கார்டு:

படித்தேன். அந்த வழியாக இத்தனை வருஷம் கரி கொண்டுபோனேன், இதில் ஒன்றும் தெரியாது. ஒரு சேதி மட்டும். அவருடைய கல்லறை கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு வாசல் பெருக்கிய பெரியவர் அதைக் காட்டினார். சுற்றிலும் பெருக்கி முடித்துவிட்டு, கடைசியில் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, கல்லறைமேல் கிடந்த சருகைக் கையாலேயே எடுத்தார். அதற்குத் துடைப்பம் படக்கூடாதாம்.


கம்மம் மருமகள்:

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அத்தைக்குத் தெலுங்கில் சொல்லிப் படித்துக் காட்டினேன். காந்தி வந்த இடத்தில் கொட்டாவி விட்டார். எடின்பரோவில் தலையை ஆட்டினார். தமிழர்கள் தனிச் சாப்பாடு சாப்பிட்டதைச் சொன்னதும், "உண்மைதான், எங்க அப்பாவும் சொல்வார்" என்றார், அவ்வளவுதான். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். தேரிக்காட்டான் அண்ணா, உங்கள் ஆச்சி எங்களுக்குப் போட்ட அரிசி புழுங்கலா, பச்சையா?


தேரிக்காட்டான்:

புழுங்கல். ஆனால் அத்தையிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியவில்லை, அந்த அரிசி ரயில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லா டப்பாவையும் ஒன்றாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். பணம்தான் போகும். பல தடவை ஏலம் எடுத்தவர் என் தாத்தா. ஆச்சி போட்ட அரிசியை நாங்களே காசு கொடுத்து வாங்கி, கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறோம்.


கம்மம் மருமகள்:

சொன்னேன். இரண்டு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "பச்சையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், புழுங்கல் எங்களுக்குப் பிடிக்காது" என்றார்.